வழி இருக்கு, போங்கோ

பப்பாளிப்பழக்காரன் பொலிசுக்குப் போவேன் என்று நின்றான். நாகேந்திரத்தின் மின்சாரக் கார் அவனுடைய கூடையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் சின்ன ஒழுங்கை அது. ஏறிய வேகமும் பெரிதல்ல, நடந்து போகிறவன் முந்திக்கொண்டு போகலாம். ஆனால் பப்பாளிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவன் ஒழுங்கைக்குப் புதியவன். அன்றுதான் முதன்முதலாக அங்கே கூடையை இறக்கியிருந்தான். என்னைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், பார்த்துக்கொண்டே ஏற்றினீர்கள் என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னான். நாகேந்திரம் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காரை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சேவை முழுவதும் கருவியின் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து ஊரார் காணிக்கெல்லாம் எல்லை போட்டவர். ஆராயாமல் எதற்கும் முடிவு சொல்ல மாட்டார்.

முடிவை, சத்தம் கேட்டு வெளியே வந்த சைவக்கடை இராமரிடம்தான் சொன்னார்.

"காருக்குச் சத்தம் இல்லை, இராமர். அதுதான் பிரச்சினை. வாறது இவனுக்குக் கேக்கேல்லை."

இராமர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தோளில் கிடந்த துவாயால் வாயைத் துடைத்துக்கொண்டு, பழக்காரனைக் கடைக்குள் கூட்டிப்போய், தேத்தண்ணியும் இரண்டு வடையும் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். நசிந்த பழங்களுக்கெல்லாம் காசு கொடுத்து, நாகேந்திரம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சத்தமில்லாதது இன்று நேற்று வந்த குறை அல்ல. பத்து வருஷத்துக்கு முன் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த நாளிலிருந்தே அந்தக் கார் அப்படித்தான். ஜெகதீஸ்வரி உயிரோடிருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவள் பக்கத்து சீற்றில் இருந்து, தலையை யன்னலுக்கு வெளியே நீட்டி, "வாறம், வாறம், விலகுங்கோ" என்று கூவிக்கொண்டே வருவாள். காருக்குள்ளும் வாய் ஓயாது. இடப்பக்கம் ஓட்டோ நிக்குது, சிவப்பு விழுந்திட்டுது, பச்சை வந்திட்டுது, வழி இருக்கு போங்கோ என்று வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருப்பாள். பெண்சாதிமாருக்கு இது பொதுவாக உள்ள வருத்தம் என்று நாகேந்திரம் பொறுத்துக்கொண்டார். ஒருமுறை மட்டும், ஓட்டுறது நானோ நீரோ என்று சற்றுக் காரமாகவே கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமை அடுத்த சந்தி வரைக்கும்தான்.

போன ஆவணியில் அவள் போய்விட்டாள். நோய் இன்னதென்று தெரிந்து மூன்று மாதம்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. அதற்குப் பிறகு கார் ஊமையாகிவிட்டது. வீடும் அப்படித்தான். காலையில் எழுந்தால் யாரோடு கோபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே இறங்கி, காருக்குள் போய் ஓட்டாமலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேலே வருவார்.

பப்பாளிக் கதை அன்று பின்னேரமே மகன் சுகிர்தன் காதுக்கு எட்டிவிட்டது. அவன் வங்கியிலிருந்து வந்து, கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றாமல், காரை விற்றுவிட வேண்டும் என்றான். கொலன்னாவையில் ஆள் பார்த்தாயிற்று, ஞாயிறு பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போவானாம். பற்றரியைக் கழற்றித் தன் வீட்டுச் சோலருக்கு வைக்கப் போகிறானாம்.

"மிச்சக் காரை என்ன செய்வான்?"

"இரும்புக்குப் போகும்."

நாகேந்திரம் வாயிலிருந்த பப்பாளித் துண்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார். அவள் இருந்த சீற்றும் இரும்புக்குப் போகுமோ என்று நினைத்தார். சுகிர்தனுக்கும் அது விளங்காமல் இல்லை. அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"பழைய மொரிஸ், ஒஸ்ரின் எண்டால் வைச்சிருக்கலாம், அப்பா. அது கிளாசிக். இது நாலு சில்லுப் பூட்டின போன். பழசாப்போன போனை ஆர் ஆசைப்பட்டு வைச்சிருக்கினம்?"

"கிளாசிக் எண்டு ஏற்றுக்கொண்டால்?"

"ஆர் ஏற்றுக்கொள்ளுறது?"

"புவாத்."

புவாத் கொம்பனித்தெருக்காரர், பழைய கார்ப் பிரியர்களின் சங்கச் செயலாளர். வருகிற ஞாயிறு காலை அந்தச் சங்கத்தின் ஊர்வலம் அவர்கள் ஒழுங்கை முடிவில் உள்ள கடற்கரை வீதியால்தான் போக இருந்தது. புவாத் அங்கிள் உங்கட காரை அந்த வரிசையில் விட்டால் பிறகு நான் வாயே திறக்கமாட்டேன் என்றான் சுகிர்தன். நடக்காத காரியம் என்ற துணிச்சலில் சொன்ன சொல் அது.

மறுநாளே நாகேந்திரம் கொம்பனித்தெருவுக்குப் புறப்பட்டார். காரை எடுத்தபோது, வழக்கம்போல ஒழுங்கை காலியாகக் கிடந்தது. இந்த ஒரு வருஷமாக ஒழுங்கையில் ஒரு பண்பாடு வந்திருப்பதை அவர் கவனித்திருந்தார். கார் வெளியே தலை காட்டினால் போதும், சைக்கிள்கள் சுவரோடு ஒதுங்கும், பந்து விளையாடுகிற பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே கூப்பிடுவார்கள். இராமர் கடையை விட்டு இறங்கி, எதற்கோ போகிறவர் மாதிரி, காருக்கு முன்னால் காலி வீதி வரை நடப்பார். காலி வீதியில் ஏறியதும் நாகேந்திரம் ஒரு சிவப்பு பஸ்சைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலே போவார். பஸ் நின்றால் நிற்பார், பஸ் எடுத்தால் எடுப்பார். இதைவிட ஒழுக்கமான ஓட்டம் கிடையாது என்பது அவர் எண்ணம். ஒரு தடவை மட்டும் அந்த ஒழுக்கம் அவரைப் பஸ் டிப்போவுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது.

புவாத்தின் வீடு, சுற்றிலும் எழும்பிய மாடிகளின் நிழலில் பகலிலும் விளக்குப் போட்டிருந்தது. அவருடைய சிவப்பு மொரிஸ் மைனர் துணி போர்த்தியபடி கூடத்திலேயே நின்றது. நாகேந்திரம் தன் வழக்கை எடுத்துரைத்தார். நாட்டில் பெற்றோல் இல்லாத அந்த வருஷம் ஒழுங்கையில் இருந்த கார்களெல்லாம் வரிசையில் நின்று களைத்து, கடைசியில் வீட்டு வாசலில் பூச்சட்டி வைக்கத்தான் உதவின. ஓடியது இது ஒன்றுதான். கரண்ட் வருகிற நேரம் பார்த்து ஏற்றி, கேட்டவர்களையெல்லாம் கொண்டுபோய் விட்டோம். இராமரின் மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோன அன்று ஜெகதீஸ்வரி வழி முழுக்கக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் இந்தக் காரைக் கண்டால் ஒழுங்கையே எழும்பி நிற்கிறது. இதுவன்றி எது கிளாசிக்?

புவாத் பொறுமையாகக் கேட்டார்.

"அது நன்றி, அங்கிள். ஆசை வேற. எங்கட வாப்பா இந்த மொரிஸில சந்தி திரும்புற சத்தம் கேட்டா, உம்மா அடுப்பில தேத்தண்ணி வைப்பா. வாப்பா மவுத்தாகி எத்தனையோ வருஷம். நான் இதை ஸ்டார்ட் பண்ணினா உம்மா இப்பவும் குசினிப் பக்கம் திரும்பிப் பாக்குறா. கரண்ட் காரில என்ன கேக்கும்? அதுக்கு ரூஹு இல்ல, அங்கிள், உசிரு இல்ல. ஃப்ரிட்ஜ யாராவது நினைச்சு அழுவாங்களா?"

நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்து புவாத்துக்கே மனம் கேட்கவில்லை. இந்தக் காருக்கென்று ஒரு சத்தம் இருக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது நாகேந்திரம் அங்கிளின் கார் என்று தெரியட்டும், ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கடைசியாக விடுகிறேன் என்றார். அதாவது பப்பாளிக்காரனும் புவாத்தும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள் என்று நாகேந்திரம் கணக்குப் போட்டார். பப்பாளிக்காரன் அப்படிச் சொல்லவேயில்லை என்பது அவர் ஞாபகத்தில் இல்லை.

முதல் வைத்தியம் வீட்டோடு முடிகிற மாதிரித்தான் இருந்தது. குசினியில் ஜெகதீஸ்வரி சேர்த்து வைத்திருந்த வெறும் பால்மாத் தகர ரின்களைக் கயிற்றில் கோத்துக் காரின் பின்னால் கட்டினார். சத்தம் வந்தது, அதில் குறையில்லை. கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டுமாக அவர் பம்பலப்பிட்டிக் கோயில் வரை போய் வந்தார். வழி நெடுக ஆட்கள் கை காட்டினார்கள், ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். கார் ஒருவழியாக மரியாதை பெற்றுவிட்டது என்று அவர் பூரித்துப்போனார்.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் சுகிர்தனுக்கு மூன்று பேர் போன் எடுத்தார்கள். அப்பா இந்த வயதில் மறுபடி கலியாணம் செய்தது சரிதான், ஆனால் பொம்பிளையைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுத் தனியே வந்தது ஏன் என்று ஒரு மாமி கேட்டாள். கொட்டாஞ்சேனைப் பக்கம் சேர்ச்சில் கலியாணம் முடிந்து வருகிற கார்களுக்குத்தான் ரின் கட்டுவார்கள் என்பதை, கொழும்பில் முக்கால் ஆயுள் கழித்த நாகேந்திரம் நினைக்கவில்லை.

சுகிர்தன் கத்தியால் கயிற்றை அறுத்தான்.

"அம்மா செத்து ஒரு வருஷம், அப்பா."

"எனக்குத் தெரியாதோ?" என்றார் நாகேந்திரம். ரின்களை அவர் கழுவித் துடைத்துப் பழைய இடத்திலேயே அடுக்கினார்.

இரண்டாவது வைத்தியத்துக்குக் கொட்டாஞ்சேனை பீற்றரிடம் போனார். பாண் விற்கிற பேக்கரி ஓட்டோக்களுக்கு ஸ்பீக்கர் பூட்டுவது பீற்றரின் தொழில். தெருத் தெருவாக ஒரே மெட்டைப் பாடிக்கொண்டு போகும் அந்த ஓட்டோக்களில் பாதி அவன் கைபட்டவை. காரின் முன் கம்பியின் பின்னால் ஒரு ஸ்பீக்கரைப் பூட்டி, நல்ல பழைய எஞ்சின் சத்தம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டு வைத்தான். மேசையில் பென் டிரைவ் இரண்டு கிடந்தன, கறுப்பு ஒன்று, கடும் நீலம் ஒன்று. நீலத்தை எடுங்கோ அங்கிள் என்றான். நாகேந்திரம் எடுத்தார். எடுத்தது எது என்பது கொட்டாஞ்சேனையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

காலி வீதி முழுவதும் பாண் மெட்டு. நிறுத்தும் பொத்தானை அவர் தடவித் தடவிப் பார்த்தார், யன்னல் இறங்கியது, துடைப்பான் ஆடியது, மெட்டு நிற்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தி, கால்றாத்தல் பாணும் இரண்டு கிம்புலா பணிசும் கேட்டாள். இல்லை என்றதும், இல்லாவிட்டால் ஏன் பாட்டுப் போடுகிறீர்கள் என்று நியாயமாகக் கேட்டாள். அதற்கிடையில் பின்னால் நாலைந்து பேர் சில்லறையோடு வந்துவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் நிஜமான பாண் ஓட்டோக்காரன் ஒருவன் குறுக்கே நிறுத்தி, கார் வைத்திருக்கிற மனிசரும் எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று கண் கலங்கினான். நாகேந்திரம் அவனிடம் இருந்த பாண் முழுவதையும் வாங்கவேண்டி வந்தது. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் பப்பாளியும் பாணும்தான்.

சனிக்கிழமை பீற்றரே மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைக்கு வந்தான். அவன் கொண்டுவந்த நீலப் பென் டிரைவ் வேலை செய்யவில்லை. வேறு ஏதாவது இருக்குதோ அங்கிள் என்று தேடியவன், கண்ணாடியில் ஒட்டியிருந்த கமராவைக் கண்டான். சுகிர்தன் எப்போதோ பூட்டி, எப்போதோ நின்றுபோன கமரா. அதற்குள் இருந்த சின்னக் கார்டை எடுத்துச் சும்மா போட்டுப் பார்த்தான்.

"வாறம், வாறம், விலகுங்கோ."

மாடிக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம் முழுக்க ஜெகதீஸ்வரியின் குரல் எழுந்தது. பீற்றர் பதறி நிறுத்தப் போனான். நாகேந்திரம் அவன் கையைப் பிடித்தார்.

அவள் இடப்பக்கம் என்றாள், சிவப்பு என்றாள், மெல்ல மெல்ல என்றாள். செத்த வீட்டில், நாலு பேர் முன்னால் ஆம்பிளை அழக்கூடாது என்று நின்ற மனிதர், இப்போது பாண் ஸ்பீக்கருக்கு முன்னால் குந்தியிருந்து விம்மி அழுதார். இந்தக் குரலை இனி ஒரு நாளும் கேட்க முடியாது என்று ஒரு வருஷமாக இருந்தது எவ்வளவு பெரிய பாரம் என்பது, கேட்டபோதுதான் அவருக்கு விளங்கியது. பீற்றர் தலையைக் குனிந்துகொண்டு வயர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவன் கேட்டான், கூவுகிற பகுதியை மட்டும் வெட்டிப் போடட்டுமா என்று.

"வெட்டாதை தம்பி. முழுக்க இருக்கட்டும்."

ஞாயிறு காலை நாகேந்திரம் காரைக் கழுவி, பக்கத்து சீற்றில் ஒரு மல்லிகைச் சரம் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். கார் ஒழுங்கையில் இறங்கியதும் வெள்ளவத்தையின் அந்தத் துண்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. அவள் குரல் மட்டும் வந்தது. மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மருந்துக்கடைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இராமர் துவாயைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, காருக்கு முன்னால் கடற்கரை வீதி வரை நடந்தார். இன்றைக்கு எதற்கோ போகிற பாவனைகூட அவரிடம் இல்லை.

கடலோரத்தில் பழைய கார்கள் வரிசையாய் நின்று உறுமிக்கொண்டிருந்தன. நாகேந்திரத்தின் கார் வருவதை முதலில் யாரும் காணவில்லை, கேட்டார்கள். ஒவ்வொருவராக எஞ்சினை நிறுத்தினார்கள். புவாத் தன் மொரிஸிலிருந்து இறங்கி வந்து, யன்னலில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டார்.

"இப்ப ரூஹு இருக்கு, அங்கிள்," என்றார். "எனக்குப் பின்னால நில்லுங்க."

நடைபாதையில் நின்ற சுகிர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். கொலன்னாவைக்காரரை வரவேண்டாம், கார் விற்பதற்கில்லை என்று அவன் சொன்னது நாகேந்திரத்துக்கும் கேட்டது. மனைவி போன பிறகு அவர் வென்ற முதல் வழக்கு அது. இதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துப் பக்கத்து சீற்றைத் திரும்பிப் பார்த்தார்.

ஊர்வலம் இன்னும் தொடங்கவில்லை. முன்னால் சிவப்பு மொரிஸ் நின்றது, எஞ்சினும் ஓடவில்லை. ஸ்பீக்கரில் ஜெகதீஸ்வரி தன் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை வந்திட்டுது. வழி இருக்கு, நேர போங்கோ."

நாகேந்திரம் மிதித்தார்.

பெரிய இடி அல்ல. மொரிஸின் பின் பம்பர்க் கம்பி கழன்று வீதியில் விழுந்து, வட்டமடித்து ஓய்ந்தது. பின் விளக்கு ஒன்று நொறுங்கியது. அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். புவாத் விழுந்த கம்பியைக் கையில் எடுத்தார், வாப்பாவின் காலத்துக் கம்பி. அவரால் கோபிக்கவும் முடியவில்லை.

"நிண்டுகொண்டிருந்த வண்டி, அங்கிள். உங்கட முன்னாலேயே."

"அவதான் போகச் சொன்னவ," என்றார் நாகேந்திரம். "வழி இருக்கெண்டு சொன்னவ."

சுகிர்தன் கார்க் கதவைத் திறந்து, தகப்பனின் முகத்தருகே குனிந்தான்.

"அப்பா, உங்களுக்கு மொரிஸ் தெரியேல்லையோ?"

"சிவப்பா ஏதோ தெரிஞ்சது. பஸ் எண்டு நினைச்சன். எடுத்திட்டுதாக்கும் எண்டு..." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, மறுபடி போட்டார். போட்டும் மகனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "காருக்கு இந்தச் சத்தமும் காணாது, தம்பி. அதுதான் பிரச்சினை."

இராமர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சுகிர்தனின் தோளைத் தொட்டார்.

"அம்மா படுக்கையில கெடந்தப்ப லேன்ல ஒருத்தர் விடாம கூப்பிட்டு, அய்யாவுக்குக் கண்ணு போயிருச்சு, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு, நான் போனப்பொறம் நீங்கதான் வெலகிக்கணும்னு கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க தம்பி, அந்தப் பப்பாளிக்காரன் புதுசு, அவன்கிட்ட சொல்லத்தான் எங்களுக்கு விட்டுப்போச்சு."